ஊர் நேரம்

கதவுக்கு அந்தப்பக்கம் இருபது பேர் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இந்தப்பக்கம் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாம்பல் நிறக் கதவு. அதில் ஒரு தாளை ஒட்டி, சத்தம் போடாதீர்கள் என்று ஜெர்மனில் எழுதியிருக்கிறார்கள். நான் எங்கே சத்தம் போடுவது, மூச்சே மூக்கு நுனியில் நிற்கிறது. ஒன்பது மணிக்கு ஆரம்பித்த பரீட்சைக்கு ஒன்பதே முக்காலுக்கு வந்து சேர்ந்தேன். முதல் அரை மணிக்குப் பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதியாம். மேற்பார்வைக்கு நிற்கும் லென்ஸ் என்ற பெண், எங்கள் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்கிறவள், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள், கதவைப் பாதி திறந்து வெளியே வந்து, மெதுவான ஆங்கிலத்தில், "வருத்தமாக இருக்கிறது, ஆனால் முடியாது. பத்தரைக்கு எல்லாம் முடிந்ததும் பேராசிரியர் வைட்னர் வெளியே வருவார். அவரிடம் கேட்டுப் பாருங்கள். காரணத்தை இதில் எழுதி வையுங்கள்" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தாளில் பெயருக்கு ஒரு கோடு, மாணவர் எண்ணுக்கு ஒரு கோடு, காரணத்துக்கு மூன்று கோடு. கோகிலவாணி நல்லசிவம் என்று எழுதிவிட்டேன், எண்ணும் எழுதிவிட்டேன், மூன்று கோடு காலியாக இருக்கிறது. பிப்ரவரியில் இதே பாடத்தில் ஒரு முறை தோற்றாயிற்று. எங்கள் பிரிவில் இரண்டே வாய்ப்பு, இது இரண்டாவது. வைட்னர் முடியாது என்று சொல்லிவிட்டால் இதுவும் தோல்வி என்று பதிவாகும், படிப்பு அதோடு முடிந்தது, பெட்டியைக் கட்டிக்கொண்டு ராசிபுரம் போக வேண்டியதுதான். இதை இவ்வளவு தெளிவாக எனக்குள் சொல்லிக்கொள்ள முடிகிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

தப்பு இவர்களுடையது என்று சொல்லத்தான் ஆசை. நேற்று, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள், இந்த நாட்டில் இருக்கிற அத்தனை கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். கோடை வருகிறதாம், வெளிச்சத்தை வீணாக்கக் கூடாதாம். எங்கள் ஊரில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தாலும் யாரும் கடிகாரத்தில் கை வைக்க மாட்டார்கள். இப்படி ஒரு வழக்கம் இங்கே இருப்பது எனக்குத் தெரியாதா என்றால் தெரியும், ஜப்பானில் பூகம்பம் வரும் என்று தெரிகிற மாதிரி தெரியும். விசாவை இழுத்தடித்து நவம்பரில்தான் இந்தக் கெம்னிட்ஸ் நகரத்துக்கு வந்து இறங்கினேன், அதற்குள் அக்டோபரில் அவர்கள் பின்னால் தள்ளி வைத்தது முடிந்துவிட்டது, முன்னால் தள்ளுவதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன், பார்க்கவில்லை என்பதுதான் பிரச்சினை. என் கையில் இருப்பது ஊர்க் கடிகாரம். வந்த நாளிலிருந்து அதை மாற்றவில்லை. அது காட்டும் நேரத்தில் நாலரை மணி நேரத்தைக் கழித்தால் இந்த ஊர் நேரம் வரும், கழித்துக் கழித்து இப்போது யோசிக்காமலே வந்துவிடுகிறது. இன்று காலை படியேறும்போது ஒன்றேகால் காட்டியது. கழித்தேன், எட்டே முக்கால். கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாய் வாணி, சமர்த்து என்று என்னை நானே மெச்சிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். நேற்றிலிருந்து கழிக்க வேண்டியது மூன்றரை. லென்ஸ் அதைச் சொன்னபோது அவள் முகத்தில் துளி கேலி இல்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது, இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். வரும் வழியில் நான் சரியான நேரத்தைப் பார்த்தேன். ட்ராம் நிறுத்தத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் வட்டமாக ஒரு கடிகாரம், ஒன்பது இருபது என்று பட்டப்பகலில் காட்டிக்கொண்டிருந்தது. என் கணக்கில் எட்டு இருபது. அடப் பாவமே, இங்கேயும் ரிப்பேர் பார்க்க ஆளில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் பஸ் ஸ்டாண்ட் கடிகாரம் நான் ஏழாவது படிக்கும்போதே நாலு பத்தில் நின்றுவிட்டது, இன்னும் நாலு பத்துதான், அதைப் பார்த்து யாரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை, ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதில்லை. பொது இடத்தில் இருக்கிற கடிகாரம் சரியான மணி காட்டும் என்று நம்பி வளர்ந்தவள் இல்லை நான். இந்த நாட்டுக்கு வந்து ஐந்து மாதத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று எங்கள் ஊர் மாதிரி பழுதாகி நிற்கிறது என்று அதன் மேல் ஒரு பிரியம்கூட வந்தது, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ட்ராமை விட்டு இறங்கியதும் மூலையில் இருக்கும் ரொட்டிக் கடை, உள்ளே சுவரில் இன்னொரு கடிகாரம், அது ஒன்பது முப்பத்தைந்து. இதுவும் கெட்டிருக்கிறது, அதுவும் அதே ஒரு மணி நேரத்துக்கு, என்ன ஒற்றுமை என்று சிரித்துக்கொண்டே எள் தூவிய பன் ஒன்று வாங்கி, வெயில் விழுகிற பக்கமாகத் தெருவைக் கடந்து, ஆற அமரத் தின்றுகொண்டு நடந்தேன். மார்ச் மாத வெயில், சூடு இல்லாத வெயில், கன்னத்தில் யாரோ பழைய மெல்லிய துணியை வைத்து எடுத்த மாதிரி இருந்தது. ஓடியிருந்தாலும் அந்த அரை மணி விதியிலிருந்து தப்பியிருக்க முடியாது. ஆனாலும் நான் நடந்தேன், பன் தின்றேன்.

கடிகாரத்தை ஏன் மாற்றவில்லை என்று இங்கே யாராவது கேட்டால், மறந்துவிட்டேன் என்று சொல்லி மழுப்புவேன். நான் எதையும் மறப்பதே இல்லை, அதனால்தான் மாற்றவில்லை. அதில் ஆறு என்றால் அப்பா தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு, நிரம்பி வழிகிற சத்தத்துக்காகப் பல் தேய்த்தபடி காத்திருப்பார். ஒன்பது என்றால் கடை ஷட்டரைத் தூக்குவார். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை, உள்ளே போனால் வார்னிஷ் வாசம் துணியில் ஏறிக்கொண்டு வீடுவரை வரும். பதினொன்று என்றால் அம்மாவும் பக்கத்து வீட்டு விஜயாக்காவும் காம்பவுண்டு சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று, ஐந்து நிமிடம் என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுவார்கள். இங்கே லேபில் நின்றுகொண்டு மணிக்கட்டைத் திருப்பினால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும், தெரிந்தால் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் ஏக்கம், இரண்டும் சேர்ந்துதான் வரும். போன் பேசுவது வேறு கதை. அம்மா வீடியோவைப் போட்டு அரிசி டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். பேச்சு ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். "வெச்சுராத கண்ணு, அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ படி" என்பாள். அது பாட்டுக்கு இருக்கும். நான் இங்கே மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, காதில் குக்கர் விசிலும் தாளிக்கிற சத்தமும், அம்மா சிலிண்டர் போடுகிற ஆளிடம் "நேத்தே வரேன்னீங்க, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று கேட்கிறதும் விழுந்துகொண்டே இருக்க, கட்டுப்பாட்டியலில் ஓர் அமைப்பு எப்போது நிலைகுலையும் என்ற அத்தியாயத்தைப் படிப்பேன். பிப்ரவரியில் தோற்றேன் என்றால் ஏன் என்று கேட்க வேண்டுமா? அதனால்தான் சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவிடம், பரீட்சை முடிகிறவரைக்கும் போனை அணைத்து வைக்கிறேன் என்றேன். அரிசி டப்பா மேலிருந்த போனைக் கையில் எடுத்தாள். பிறகு, "சரி சாமி, படி. நாங்க எங்க போயிரப் போறோம்" என்றாள். அணைத்து, பெட்டிக்குள் குளிர்கோட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது, கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு படித்தேன். போன் வெளியே இருந்திருந்தால் அது தானாகவே நேரத்தை மாற்றிக் காட்டியிருக்கும். படிப்புக்காக வீட்டை அணைத்துவிட்டு வீட்டு நேரத்தை மட்டும் கையில் கட்டிக்கொண்டேன், அது காலை வாரிவிட்டது.

மூன்று கோடு. காரணம். கை தானாகவே ஒரு வார்த்தையை எழுதப் போகிறது, நான் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன், காய்ச்சல் என்ற வார்த்தை. பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடத்தில் எனக்கு நிஜமாகக் காய்ச்சல் வந்தது மூன்று தடவை இருக்கும், லீவு லெட்டரில் வந்தது ஐம்பது தடவை. மாமா வீட்டு வளைகாப்பு, காய்ச்சல். குலதெய்வத்துக்குப் பொங்கல், காய்ச்சல். சேலத்தில் தையல்காரர் வரச் சொன்ன நாள், காய்ச்சல். காய்ச்சலால் அவதிப்படுவதால் என்று போகிற அந்த ஒரே ஆங்கில வாக்கியத்தை அப்பா மனப்பாடமாக வைத்திருந்தார், கடையில் ரசீதுப் புத்தகத்துக்குப் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுப்பார், அதிலும் வார்னிஷ் வாசம் இருக்கும். ஒரு தடவை நான் நல்ல பிள்ளையாக, சித்தி பெண்ணுக்குக் காது குத்து என்று நிஜக் காரணத்தை எழுதிக்கொண்டு போனேன். வகுப்பாசிரியை வசந்தகோகிலம் மிஸ் அதைப் படித்துவிட்டு, "ஏன்டி, படிப்பு முக்கியமா, காது குத்து முக்கியமா? போய் ஒழுங்கா எழுதிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். ஒழுங்காக என்றால் காய்ச்சல் என்று. அது பொய் என்று யாரும் நினைத்ததில்லை, அது ஒரு மரியாதை, நிஜத்தைச் சொல்லி எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தாமல் இருக்கிற மரியாதை. இந்த நாட்டில் மரியாதைகள் வேறு.

வேறு என்று நினைத்து முடிப்பதற்குள் கதவு திறந்து லென்ஸ் மறுபடி வருகிறாள், கையில் காலித் தண்ணீர்ப் பாட்டில். நடையின் கோடியில் இருக்கும் குழாயில் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறாள், என்னைப் பார்க்காமல் பாட்டிலின் மூடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "உங்களுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா?" என்கிறாள். இருக்கிறது என்கிறேன். "தலைவலி, காய்ச்சல், அப்படி ஏதாவது? இன்றைக்குள் டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தால் இந்த முறை கணக்கில் வராது. செப்டம்பரில் எழுதலாம். ஒரு தகவலுக்காகச் சொன்னேன்." சொல்லிவிட்டு வந்த மாதிரியே உள்ளே போய்விட்டாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, வாயைப் பொத்திக்கொண்டேன். ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் வசந்தகோகிலம் மிஸ் என்னை ஒழுங்காக எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார்.

என் கடிகாரத்தில் ஒன்றரை. அம்மா வாயை மூடியிருப்பாள். பத்தாவது பொதுத்தேர்விலிருந்து இது அவள் வழக்கம், நான் பரீட்சை எழுதுகிற நேரம் முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். சாமியிடம் வேண்டுதல்கூட இல்லை, அவள் பேசினால் என் கவனம் சிதறிவிடும் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். அவளும் நாலரை மணி நேரக் கணக்குத்தான் வைத்திருப்பாள், அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். உனக்கு ஒன்பது மணின்னா நமக்கு ஒன்றரை, சரிதான கண்ணு என்று சனிக்கிழமை விரல் மடக்கிக் கேட்டாள். ஆகவே ராசிபுரத்தில் என் பரீட்சை இப்போதுதான் ஆரம்பிக்கிறது. அப்பா சாப்பிட வந்திருப்பார், தட்டை வைப்பாள், ரசம் வேண்டுமா என்று புருவத்தால் கேட்பாள், அவர் விவரம் தெரிந்தவர், கையால் போதும் என்பார். டிவியைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார்கள். விஜயாக்கா சுவருக்கு அந்தப்பக்கமிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, புருசன் பொண்டாட்டிக்குள்ள ஏதோ சண்டை போல என்று நினைத்துக்கொண்டு போய்விடுவாள். அந்த வீட்டுக்குள் நான் பரீட்சை அறையில் உட்கார்ந்திருக்கிறேன், கேள்வித்தாளைத் திருப்பிவிட்டேன், முதல் பக்கத்தில் பெயர் எழுதுகிறேன். கண்ணை மூடினால் எனக்கே அது தெரிகிறது. நடையில் வெந்நீர்க் குழாய் டிக் டிக் என்று சூடாகிக்கொண்டிருக்கிறது, ஜன்னல் வெயில் தரையில் மெதுவாக நகர்ந்து என் ஷூ நுனிவரை வந்துவிட்டது, கதவுக்குப் பின்னால் யாரோ தாளைத் திருப்புகிறார்கள், அது நான்தான் என்று ஒரு விநாடி தோன்றுகிறது, அந்த ஒரு விநாடி மிகவும் சுகமாக இருக்கிறது.

ஒரு விஷயத்தைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறேன். தொட்டுவிடுகிறேன். இரண்டு மீட்டர் ஒரே அளவைக் காட்டி, மூன்றாவது வேறு காட்டினால், கெட்டது மூன்றாவது. இதை எனக்குச் சொல்லித் தந்தது ஜெர்மனி இல்லை, அப்பா, எனக்குப் பத்து வயதில், கடையில், ஒரு பழைய வோல்ட்மீட்டரைத் தூக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டே. ட்ராம் நிறுத்தக் கடிகாரம் ஒன்று, ரொட்டிக் கடைக் கடிகாரம் இரண்டு. நான் இன்ஜினியரிங் படித்தவள். சிரித்துக்கொண்டு பன் வாங்கினேன் என்றால், உள்ளே எங்கேயோ ஒருத்திக்குத் தெரிந்தே இருந்ததோ? அவள்தான் வாங்கினாளோ? லென்ஸ் முடியாது என்று சொன்னாளே, அப்போது எனக்குள் முதலில் வந்தது பயமில்லை. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அப்பாடா. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி ஒரு அப்பாடா. நானாகப் போகவில்லை, அனுப்பிவிட்டார்கள், விதி என்று சொன்னார்கள், கடிகாரம் மாறிவிட்டது என்றார்கள், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. விமானம் கோயம்புத்தூரில் இறங்குகிறது, வெளியே வந்ததும் முகத்தில் அடிக்கிற அந்தச் சூடு, அப்பாவும் அம்மாவும் வாடகைக் காரோடு வந்திருக்கிறார்கள், பெட்டியை நான் எடுக்கிறேன் நான் எடுக்கிறேன் என்று ஒரு சின்ன இழுபறி, சங்ககிரி தாண்டும்போது அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து "என்ன இப்படி எலும்பாட்டம் ஆயிட்ட" என்கிறாள். வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்குகிறேன், பகலில், மின்விசிறியின் கீழே, குக்கர் சத்தம் நிஜக் குக்கரிலிருந்து வருகிறது. இதை ஐந்து மாதமாக எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன், படுக்கும் முன்னால், வகுப்பில், சூப்பர் மார்க்கெட் வரிசையில். ஓட்டி ஓட்டி அது எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆனால் ஊரில் அப்பா கடையை இப்போது ஜெர்மனிக்காரர் கடை என்கிறார்களாம். அவர் ஜெர்மனியை வரைபடத்தில்கூடக் காட்டத் தெரியாதவர். டீக்கடையில் யாராவது "பொண்ணு என்ன படிக்குதுங்க" என்று கேட்டால், "தண்ணி தொட்டி ரொம்புனா மோட்டார் தானா நிக்குதில்லீங்க, அதுக்கு மேல் படிப்பு" என்று சொல்வாராம். அதைவிடச் சரியாக வைட்னராலேயே சொல்ல முடியாது. நான் திரும்பிப் போனால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். "சரி விடு அம்மிணி" என்பார், கடைக்குப் போவார், யாராவது ஜெர்மனிக்காரரே என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அந்தத் திரும்பிப் பார்ப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது, நகர மாட்டேன் என்கிறது. வைட்னரின் பாடத்திலும் இப்படித்தான் ஒரு இடம், நான் போன தடவை தோற்ற இடம். தாமதம். விடுதிக் குளியலறையில் குழாயைத் திருகினால் சுடுதண்ணீர் உடனே வராது, வரவில்லையே என்று இன்னும் திருகுவோம், வரும்போது உடம்பு வெந்துவிடும், உடனே பயந்து அந்தப்பக்கம் திருகினால் ஐஸ். தப்பு தண்ணீரில் இல்லை, பழைய செய்தியை நம்பித் திருகுகிற கையில்தான். இதை அவர் பலகையில் நாலு சமன்பாட்டில் எழுதியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, அப்போது என் காதில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

பத்து இருபது, நிஜக் கணக்கில். எழுதியாக வேண்டும். பேனாவை வைத்ததும் கை தன் வேலையைக் காட்டிவிட்டது, காய்ச்சல் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன், எழுத்து அப்பா எழுத்து மாதிரியே சாய்ந்திருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டரிடம் போகலாம், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், சீட்டு தருவார், செப்டம்பர் வரைக்கும் நேரம் கிடைக்கும். செப்டம்பர் வரைக்கும் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல், கழித்துக்கொண்டே, அரிசி டப்பா மேல் சாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். வேண்டாம். அந்த வார்த்தையின் மேல் கோடு இழுத்தேன். கீழே எழுதினேன்: என் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருக்கிறேன், நேரம் மாறியது தெரியாமல் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன். படிக்க நேர்மையாக இருந்தது. என்னைப் போல ஒரு திருட்டு நேர்மைக்காரி இருக்க முடியாது. இதைப் படித்தால் அவர் முடியாது என்றுதான் சொல்வார், அது எனக்குத் தெரியும், சொன்னால் ஊருக்குப் போகலாம், பொய் சொன்ன பாவமும் இல்லை. உண்மையை நான் டிக்கெட்டாக எழுதினேன். எழுதி முடித்ததும் பேனாவை மூடினேன்.

பத்தரைக்குக் கதவு திறந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள், தாண்டிப் போய்ப் பேசினார்கள். கடைசியில் வைட்னர் வந்தார். அறுபது வயது, முழங்கையில் தேய்ந்த ஸ்வெட்டர், கக்கத்தில் விடைத்தாள் கட்டு. லென்ஸ் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும், நேராக என்னிடம் வந்து, பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றேன். உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். நான் நின்றேன், பேராசிரியர் பக்கத்தில் உட்கார இன்னும் என் முட்டிக்குப் பழக்கம் வரவில்லை. தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். கோடு இழுத்த வார்த்தையையும் படித்தார் என்று அவர் கண் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

"உடம்புக்கு ஒன்றும் இல்லை?"

"ஒன்றும் இல்லை."

"அப்படியானால் தவறு உங்களுடையது."

"ஆமாம்."

"நேர்மையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் விதிப்படி இது காரணம் ஆகாது. வரவில்லை என்றுதான் பதிவு செய்ய வேண்டும். அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். எனக்கு வருத்தமாக இருக்கிறது."

சொல்லிவிட்டார். கேட்டது கிடைத்துவிட்டது. அப்பாடா வரும் என்று காத்திருந்தேன், தோளைக்கூடக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டேன், அது வரவில்லை. அதற்குப் பதிலாக நேற்று மத்தியானம் வந்தது, அழைக்காமல், அறையின் ஜன்னல், மேஜை, சிந்திய தேநீரோடு. நேற்று அந்தத் தாமதக் கணக்கை ஆறாவது தடவையாகப் போட்டுக்கொண்டிருந்தேன், ஏதோ ஒரு வரியில் திடீரென்று அது திறந்துகொண்டது, அடுத்த கணக்கு, அதற்கடுத்தது, பழைய கேள்வித்தாள்கள் ஒவ்வொன்றாக, தாளை உருவி உருவிப் போட்டுக்கொண்டே போனேன், முதுகு வலித்தது, பசித்தது, எழுந்திருக்க மனசில்லை. தலை நிமிர்ந்தபோது வெளியே இருட்டியிருந்தது. அந்த ஐந்தாறு மணி நேரமும் நான் மணிக்கட்டைத் திருப்பவே இல்லை. அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள், அப்பா எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது, தெரியவில்லை என்பதும் தெரியாது. அங்கேதான் இருந்தேன், அந்த மேஜையில், முழுசாக, சந்தோஷமாக. இந்த நாட்டில் எனக்கு அப்படி ஒரு மத்தியானம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமே சொல்லவில்லை, இவர் அதைப் பார்க்காமலே வரவில்லை என்று எழுதிக்கொண்டு போகப் போகிறார். எனக்குக் கோபம் வந்தது. பயங்கரமான கோபம், காது மடல் சுட்டது. ஆசிரியர் முன்னால் எனக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்துவிட்டார், கட்டைக் கக்கத்தில் சரிசெய்துகொண்டார்.

"நான் போகலைங்க சார்" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். ராசிபுரத்துத் தமிழில், அந்த ஜெர்மன்காரரைப் பார்த்து. வாயைவிட்டு வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

"என்ன?" என்றார்.

"எனக்குப் பாடம் தெரியும்" என்றேன் ஆங்கிலத்தில். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டேன். "எழுத விட வேண்டாம். வாயால் கேளுங்கள். இப்போதே கேளுங்கள்."

"தேர்வுக்குழு அதை ஏற்றுக்கொள்ளும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஏற்காமலும் போகலாம்."

"பரவாயில்லை. கேளுங்கள்."

லென்ஸ் கதவருகே பாட்டிலோடு நின்றிருந்தாள். வைட்னர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பதினொன்றுக்கு அவருக்கு ஏதோ கூட்டம் என்று முனகினார். பிறகு திரும்பிக் கதவைத் தள்ளித் திறந்தார். காலி மேஜைகள், அழிரப்பர் தூள், இருபது பேர் விட்டுப்போன வெப்பம். கரும்பலகையைத் துடைத்து ஒரு சாக்பீஸை என்னிடம் நீட்டினார். முதல் கேள்வியைக் கேட்டார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாமதத்தைப் பற்றிய கேள்வி இல்லை அது, நான் புரட்டாமல் விட்ட ஏதோ ஒரு அத்தியாயம். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று.

"இது எனக்குத் தெரியாது" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றப் போனார்.

"அடுத்ததைக் கேளுங்கள்" என்றேன்.